உம்முக்கு ஒரு பா

டியூபாவைத் தனியாக வாசிப்பதைப் போல ஒரு கொடுமை உலகத்தில் கிடையாது. வயலினைத் தனியாக வாசித்தால் என்னமோ சோகம் என்று ஊர் மரியாதையாக நகர்ந்துகொள்ளும். டியூபாவைத் தனியாக வாசித்தால், மாட்டுக்கு என்ன ஆச்சு என்று பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார். மூச்சு முட்ட ஊத வேண்டிய அந்தப் பித்தளைப் பூதத்தின் வேலை "உம்" என்பது. கூட இருக்கிற குழல்களும் கொம்புகளும் "பா" என்று பதில் சொல்ல வேண்டும். உம்-பா, உம்-பா என்று வந்துவிட்டால் சவப்பெட்டி செய்பவனுக்கும் கால் ஆடும். பதில் சொல்ல ஆள் இல்லாவிட்டால் வெறும் உம், உம், உம். வயிற்றுவலிக்காரர் முனகுவதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

புர்கி பதினான்கு வருஷமாக முனகிக்கொண்டிருந்தாள்.

அவளிடம் சொந்த டியூபா இருந்தது, தாளம் இருந்தது, கொல்லன் துருத்தி மாதிரி மூச்சு இருந்தது. உட்கார ஒரு நாற்காலிதான் இல்லை. லாஸ் ஆற்றின் மேலே ஓபர்லாஸ், கீழே உண்டர்லாஸ். இரண்டு ஊருக்கும் ஆளுக்கொரு வாத்தியக் குழு. புர்கி பிறந்தது மேலூரில், வாழ்க்கைப்பட்டது கீழூரில். கீழூர்க் குழுவின் தலைவர் அவளுடைய மாமனார் எங்கல்பர்ட். "மேலூர்க்காரங்களுக்குத் தாளம் அரை மூச்சு பின்தங்கியே வரும், ரத்தத்துலயே அப்படி" என்று சொல்லி அவளை வெளியே நிறுத்தினார். மேலூர்க் குழுவின் தலைவன் அவளுடைய அண்ணன் ஆஸ்வால்ட். "நீதான் கட்டிக்கிட்டுப் போயிட்டியே" என்று அவனும் கையை விரித்தான்.

சரி, வேறு ஆள் வைத்திருக்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. கீழூரின் பழைய டியூபாக்காரர் பனிச்சறுக்கில் இடுப்பை ஒடித்துக்கொண்டு ஒதுங்கியதிலிருந்து அந்த நாற்காலியில் அவருடைய தொப்பியை மரியாதையாக வைத்திருந்தார்கள். மேலூரில் அந்த நாற்காலியில் மழைக்கோட்டுகளைக் குவித்திருந்தார்கள். தொப்பிக்கு இடம் உண்டு, மழைக்கோட்டுக்கு இடம் உண்டு, புர்கிக்கு மட்டும் இல்லை. இதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்தக் கதையைச் சொல்கிற எனக்கும் வருகிறது.

ஆகவே அவள் வேலை செய்கிற இடத்திலேயே வாசித்தாள். வேலை, மின் நிலையத்தில். இரண்டு ஊருக்கும் பொதுவான, தாத்தா காலத்து நிலையம். ஆற்றின் குறுக்கே ஆள் உயரம்கூட இல்லாத தடுப்பணை, அணையின் ஓரமாக நிலையம், இரண்டுக்கும் நடுவே ஆற்றுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு ஒரு கல்திட்டு. ஊர் எல்லையும் சரியாக அந்த அணையின் மேல்தான் போகிறது. தண்ணீர் ஓபர்லாஸில் நிலையத்துக்குள் நுழைந்து, டர்பைனைச் சுற்றிவிட்டு, உண்டர்லாஸில் வெளியே வரும். புர்கியும் அப்படித்தான் வந்தாள் என்று கீழூர்க் குடிக்கூடத்தில் கேலி பேசுவார்கள்.

உள்ளே இருந்தது கப்லான் டர்பைன். கப்பலை ஓட்டுகிற விசிறி மாதிரி நாலு இறக்கை. ஆனால் திருப்பக்கூடிய இறக்கை, அங்கேதான் அதன் கெட்டிக்காரத்தனம். ஆறு இளைத்திருந்தால் இறக்கைகளைப் படுக்கவைக்கலாம், பெருத்திருந்தால் நிமிர்த்தலாம். சுற்றிலும் தண்ணீரை உள்ளே விடுகிற சின்னச் சின்னக் கதவுகள். தண்ணீர் நுழைகிற வாயிலில், கட்டையும் குப்பையும் உள்ளே போகாதபடி ஒரு கம்பித் தடுப்பு. கதவுக்கு ஒரு சக்கரம், இறக்கைக்கு ஒரு சக்கரம். இரண்டையும் ஜோடியாகத் திருப்ப வேண்டும், ஒன்று முந்தினால் கட்டடமே நடுங்கும். முழுக்கத் திறந்தால் அந்த வசந்த காலத்து ஆற்றை அப்படியே குடித்துவிடும், அணை காய்ந்து கிடக்கும். முழுக்க மூடினால் ஆறு மொத்தமும் அணை மேல் வழிந்து கீழூருக்குப் போகும். கூடவே இருக்கிற மின்னாக்கியோ, தண்ணீர் கூடினாலும் குறைந்தாலும் ஒரே சுருதியில் பாடிக்கொண்டிருக்கும். புர்கி அந்தச் சுருதிக்கு டியூபாவைச் சேர்த்துக்கொண்டு வாசிப்பாள். துணைதான், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் அதுவும் உம் ரகம். பா சொல்லத் தெரியாது.

ஏப்ரல் கடைசி நாள் காலை அவள் ஒரு வால்ஸ் நடனப் பாட்டின் முதல் உம்மைத் தொடங்கியபோது கைப்பேசி அடித்தது. கணவன் ஹார்ட்விக்.

"புர்கி கண்ணு, டர்பைனைக் கொஞ்சம் மூடேன்."

"எதுக்கு?"

"எதுக்குன்னு கேக்காத, மூடு. முழுசா மூடு."

"பின்னாடி என்ன தண்ணி சத்தம்?"

"குளிச்சிட்டிருக்கேன்."

"உண்மையாவா?"

"ஐயோ பாறை!"

"குளிக்கிற ஆளு எதுக்குய்யா பாறைன்னு கத்துற?"

பதில் வருவதற்குள் அவளே ஜன்னல் வழியே பார்த்துவிட்டாள். ஆற்றின் வளைவில் ஒரு மே மரம் மிதந்து வந்தது. மே மாதப் பிறப்புக்கு ஊர் நடுவில் நிறுத்துவதற்காகப் பட்டை உரித்துப் பளபளவென்று இழைத்த ஊசியிலை மரம், தேர் வடம் போல நீளம். நுனியில் பச்சைக் கிரீடம், அதன் கீழே வளையங்கள், வளையங்களில் பன்றித் தொத்திறைச்சியும் பிரெட்செல் என்கிற முறுக்கு ரொட்டியும் தொங்கின. அதன் மேல், குதிரையில் உட்கார்ந்த மாதிரி, தோல் அரைக்கால்சட்டையும் முதுகில் கட்டிய கொம்பு வாத்தியமுமாக, காதில் கைப்பேசியோடு ஹார்ட்விக் உட்கார்ந்திருந்தான்.

அடுத்த ஊர் மே மரத்தைத் திருடுவது அந்தப் பக்கத்தில் குற்றம் இல்லை, கௌரவம். போலீஸ்காரரே உதவிக்கு வருவார். மரத்தை ஊர் எல்லை தாண்டிக் கொண்டுபோய்விட்டால் திருட்டு செல்லும், பறிகொடுத்த ஊர் பீரும் வறுத்த பன்றியும் கொடுத்து மீட்க வேண்டும். எல்லைக்குள்ளேயே சொந்த ஊர்க்காரன் ஒருவன் மரத்தின் மேல் கை வைத்துவிட்டால் திருட்டு செல்லாது, திருட வந்தவர்கள்தான் பீர் வாங்கித் தர வேண்டும். போன வருஷம் பறிகொடுத்த மேலூர் இந்த வருஷம் இரண்டு சாலையிலும் டிராக்டரை நிறுத்திக் காவல் போட்டிருந்தது. புதுத் தீயணைப்பு வண்டிக்குப் பாதிரியார் தீர்த்தம் தெளிக்கிறார் என்று ஊரே அந்தப் பக்கம் திரும்பியிருந்த நேரத்தில், ஹார்ட்விக்கும் அவனுடைய கூட்டாளிகளும் மரத்தை ஆற்றில் உருட்டிவிட்டார்கள். ஆற்றை யார் காவல் காப்பார்கள்? அபாரமான திட்டம். நடுவில் ஒரு டர்பைன் இருக்கிறது என்பது மட்டும் அதை ஓட்டுகிறவளின் புருஷனுக்கு மறந்துபோயிருந்தது. பதினான்கு வருஷம் ஒரே மேசையில் உட்கார்ந்து டர்பைன் கதை கேட்டவன்!

சுவரில் இருந்த பழைய தொலைபேசியும் அலறியது. அண்ணன் ஆஸ்வால்ட்.

"தங்கச்சி! அந்தத் திருட்டுப் பய, உன் புருஷன், எங்க மரத்து மேல ஏறிப் போறான்! டர்பைனை முழுசாத் திறந்தே வை. மரம் உன் கம்பித் தடுப்புல வந்து ஒட்டிக்கும், நாங்க வந்து கை வைச்சிடுவோம். நீ எங்க ரத்தம்டி!"

இன்னொரு காதில் ஹார்ட்விக் அலறினான். "மூடு புர்கி! அணை மேல தண்ணி வரட்டும், நான் வழுக்கிட்டு இறங்கிடுறேன். நீ எங்க வீட்டு மருமக!"

இரண்டு காதிலும் இரண்டு ஊர். புர்கிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் ஒரு யோசனை வந்தது.

"சரி, செய்யறேன். எனக்கு நாற்காலி உண்டா?" என்று இரண்டு வாய்க்கும் சேர்த்துக் கேட்டாள்.

"அதை நான் எப்படிடி அப்பாகிட்ட... ஐயோ இன்னொரு பாறை!" என்றான் ஹார்ட்விக்.

"அது குழு கூடிப் பேச வேண்டிய விஷயம், அடுத்த வருஷம் பார்க்கலாம்மா" என்றான் ஆஸ்வால்ட்.

புர்கி இரண்டையும் பட்டென்று வைத்தாள். அவளுக்கு வந்த கோபத்தில் சிரிப்பெல்லாம் ஆவியாகிவிட்டது. ஆற்றைத் திருப்புவதற்கு மட்டும் நான் வேண்டும். உட்காருவதற்குத் தொப்பி வேண்டும், மழைக்கோட்டு வேண்டும். இருங்கள்.

முழுக்கத் திறந்திருந்த கதவுச் சக்கரத்தையும் இறக்கைச் சக்கரத்தையும் பிடித்தாள். ஜோடியாகத் திருப்பினாள். பாதி வந்ததும் நிறுத்தினாள். உள்ளே தண்ணீரின் இரைச்சல் தணிந்தது. வெளியே காய்ந்து கிடந்த அணை மேல் மெல்ல ஒரு கண்ணாடிப் படலம் வழியத் தொடங்கியது. ஆற்றில் பாதி டர்பைனுக்கு, பாதி அணைக்கு.

மரத்துக்கு எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை. நிலையத்தைப் பார்த்தது, அணையைப் பார்த்தது, கடைசியில் நடுவில் இருந்த கல்திட்டில் முட்டிச் சாய்ந்து நின்றது. அடிமரம் கம்பித் தடுப்பில் ஒட்டிக்கொண்டது. நுனியும் கிரீடமும் அணையைத் தாண்டி அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நின்றன. சரியாக எல்லைக்கு மேலே ஹார்ட்விக், இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால்.

கொஞ்ச நேரத்தில் ஆற்றங்கரை திருவிழாக் கூட்டமாகிவிட்டது. அணைக்கு மேல்புறம் ஒரு கரையில் ஓபர்லாஸ், கீழ்ப்புறம் எதிர்க்கரையில் உண்டர்லாஸ். எல்லாரும் விழா உடுப்பில், கையில் வாத்தியங்களோடு. கல்திட்டுக்குப் போகிற வழி நிலையத்துக்குள் மட்டும்தான். நிலையத்தின் சாவி புர்கியின் இடுப்பில்.

"கிரீடம் எங்க எல்லைக்குள்ள வந்தாச்சு! திருட்டு செல்லும்!" என்று எங்கல்பர்ட் கத்தினார்.

"அடிமரம் எங்க எல்லைல இருக்கு! மரம்னா அடிதான்யா மரம்!" என்றான் ஆஸ்வால்ட். "மச்சான், மரியாதையா அங்கேயே உக்காரு! அசைஞ்ச, தோல் நிக்கரை அவுத்து மரத்துல தொங்கவிடுவேன்!"

"வாங்க மச்சான், நீந்தி வந்து அவுங்க!" என்றான் ஹார்ட்விக். பனி உருகிய தண்ணீர். பேச்சு வீரமாக இருந்தது, பல் மட்டும் தந்தி அடித்தது.

"புர்கி, மூடும்மா!" என்றார் மாமனார். அவர் 'அம்மா' போட்டுக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை.

புர்கி சக்கரங்களைக் கொஞ்சம் மூடினாள். ஆறு யோசித்துத்தான் நகரும். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். பிறகு மரம் ஒரு முழம் கீழூர்ப் பக்கம் வழுக்கியது. கீழூர் ஆரவாரம் செய்தது.

"தங்கச்சி!" என்று ஆஸ்வால்ட் அழாத குறையாகக் கூவினான்.

அவள் திறந்தாள். மரம் ஹார்ட்விக்கோடு ஒரு முழம் பின்னால் வந்தது. மேலூர் தொப்பிகளை வீசியது. மறுபடி மூடினாள். மறுபடி திறந்தாள். "என்னடி பண்ற, எனக்குத் தலை சுத்துது!" என்று ஹார்ட்விக் கத்தினான். இதற்குள் கிரீடம் தாழ்ந்து, தொத்திறைச்சிகள் தண்ணீரைத் தொட்டன. வாத்துக்கூட்டம் ஒன்று வந்து பிரெட்செல்களிலிருந்து ஆரம்பித்தது.

"அவ எங்க வீட்டுப் பொண்ணு, எங்க சோறு தின்னவ, எங்க சொல்லைத்தான் கேப்பா!" என்றார் எங்கல்பர்ட்.

"உங்க பொண்ணா? அவ பொறந்தது எங்க வீட்டுல. எங்க பொண்ணுய்யா அவ!"

எங்க பொண்ணு, எங்க பொண்ணு என்று இரண்டு கரையும் மாறி மாறிக் கத்தியது. பதினான்கு வருஷமாக அவளை எதிர்க்கரைக்குத் தள்ளிக்கொண்டிருந்த அதே வாய்கள். புர்கிக்கு உள்ளே இளகத்தான் செய்தது, பொய் சொல்வானேன். இப்படி யாராவது தன்னை இழுத்துக்கொள்ள மாட்டார்களா என்று எத்தனை தடவை ஏங்கியிருக்கிறாள். சக்கரத்தை விட்டுவிட்டு ஜன்னல் வழியே தலையை நீட்டினாள்.

"உங்க பொண்ணு எந்தக் குழுவுல டியூபா வாசிக்கிறா?"

எங்கல்பர்ட் கையில் இருந்த தாளக் குச்சியை முதல் முறை பார்ப்பவர் போலப் பார்த்தார். ஆஸ்வால்ட் டிராக்டர் டயரைக் காலால் தட்டி, காற்று இருக்கிறதா என்று சோதித்தான். வாத்துகள் மட்டும் சத்தமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன.

புர்கி டியூபாவைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு வாளியையும் எடுத்துக்கொண்டு, உள்வழியாகக் கல்திட்டுக்கு வந்தாள். குனிந்து, எல்லைக்கு நேராக, ஹார்ட்விக்கின் முழங்காலுக்குப் பக்கத்தில் மரத்தின் மேல் உள்ளங்கையைப் பதித்தாள்.

"கை வைச்சாச்சு! திருட்டு செல்லாது!" என்று மேலூர் குதித்தது.

"வைச்சது எங்க மருமக! திருட்டு செல்லும்!" என்று கீழூர் குதித்தது.

"ரெண்டும் இல்ல," என்றாள் புர்கி. "நான் மேலூரும் இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க? கீழூரும் இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க? அப்ப நான் மூணாவது ஊரு. மரத்தை நான் திருடிட்டேன். மீட்டுக்கோங்க."

"எத்தனை பீப்பாய்?" என்று எங்கல்பர்ட் பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டார்.

"பீரு வேண்டாம். அந்தத் தொப்பியை எடுங்க. அண்ணே, நீ அந்த மழைக்கோட்டை எடு. ரெண்டு நாற்காலியும் எனக்கு."

"ரெண்டு ஊர்லயுமா? அப்படி வழக்கமே கிடையாதே!"

"மரம் ரெண்டு ஊர்லயும் நிக்கிறது வழக்கமா மாமா?"

இரண்டு ஊர்த் தலைவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மே பிறப்புக்கு முந்தின நாள் நண்பகலுக்குள் மரத்தை நிறுத்திவிடுவது வழக்கம், தவறினால் மேலூருக்கு வருஷம் முழுக்கத் தலைகுனிவு. ஹார்ட்விக் ஆற்றில் விறைத்துச் செத்தால் கீழூருக்குக் கொம்பு வாசிக்க ஆள் இல்லை. முதல் தொத்திறைச்சியை ஒரு வாத்து கவ்விக்கொண்டு ஓடியதும் ஆஸ்வால்டின் நெஞ்சு உடைந்தது.

"சரி, எடுத்துத் தொலைக்கிறோம்!"

"வாசிக்கத் தெரியுமான்னு முதல்ல பார்க்கணும்," என்றார் எங்கல்பர்ட். வீம்பு போகவில்லை. "அரை மூச்சு பின்தங்கினா சொல்லிடுவேன்."

"பாருங்க," என்றாள் புர்கி. வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். நிலையத்துக்குள்ளிருந்து மின்னாக்கியின் சுருதி வந்துகொண்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டாள்.

உம்.

எங்கல்பர்ட் ஆஸ்வால்ட் தொடங்கட்டும் என்று காத்திருந்தார். ஆஸ்வால்ட் எங்கல்பர்ட் தொடங்கட்டும் என்று காத்திருந்தான். தலைவர் கை தூக்காமல் குழு வாசிக்கக் கூடாது, அது இரண்டு ஊருக்கும் பொதுவான சட்டம்.

உம். உம்.

ஏறக்குறைய நூறு வாத்தியங்கள் இரண்டு கரையிலும் மின்னிக்கொண்டு சும்மா இருந்தன. நிலையத்துக்குள் தனியாக வாசிப்பது ஒரு மாதிரி. இத்தனை பேர் முன்னால் தனியாக வாசிப்பது வேறு மாதிரி. புர்கிக்கு மூக்கு நுனி சிவந்தது, கண் எரிந்தது. எழுந்து உள்ளே போய் டர்பைனை முழுக்கத் திறந்துவிட்டு எக்கேடும் கெடட்டும் என்று இருந்துவிடலாமா என்று தோன்றியது. கடைசியாக ஒன்று வாசித்துவிட்டு எழலாம் என்று மூச்சை இழுத்தாள்.

உம்.

"பா."

அது சுத்தமான பா இல்லை. பாதி பா, பாதி ஆறு. கொம்புக்குள் இருந்த தண்ணீர் கொப்பளித்துக்கொண்டு வெளியே வந்தது. மரத்தின் மேல் நீல உதடுகளோடு ஹார்ட்விக் கொம்பை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"டேய், நான் இன்னும் கை தூக்கலடா!" என்று எங்கல்பர்ட் உறுமினார்.

ஹார்ட்விக் அப்பாவைப் பார்த்தான். பதினான்கு வருஷமாக அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இருந்தவன் அவன். புர்கியின் பக்கம் திரும்பி அடுத்த உம்முக்காகக் காத்திருந்தான்.

உம்.

"பா!"

மேலூர்க் கரையில் ஒரு கிளாரினெட்டுக்குத் தாங்கவில்லை. அடுத்த பாவில் அது சேர்ந்துகொண்டது. கீழூரின் பெரிய மேளம் சேர்ந்தது. பிறகு யார் எந்த ஊர் என்று யாரும் பார்க்கவில்லை. எங்கல்பர்டும் ஆஸ்வால்டும் அவசர அவசரமாகக் கையைத் தூக்கி, தாங்கள்தான் தொடங்கிவைத்த மாதிரி ஆட்டினார்கள். அணை மேல் தண்ணீர் வழிய, உள்ளே டர்பைன் சுற்ற, இரண்டு கரையிலிருந்தும் ஒரே பா வந்து புர்கியின் நெஞ்சில் மோதியது. அவள் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. துடைக்கக் கை இல்லை, டியூபாவுக்கு இரண்டு கையும் வேண்டும்.

முதல் பாட்டு முடிந்து இரண்டாவது தொடங்கியது. அது முடிந்து மூன்றாவது தொடங்கியபோதுதான், மரத்தின் மேல் இருப்பவனை யாராவது இறக்க வேண்டுமே என்று ஒருவருக்குத் தோன்றியது. ஹார்ட்விக் தலையை ஆட்டி வேண்டாம் என்றான். அடுத்த பா அவனுடையது.